அச்சு எடுக்கும் முன் மூன்று விஷயம்

நம்ம எல்லாக் குழுக் கணக்கும் கூட்டமைப்பு அலுவலகத்து ஒரே லேசர் பிரிண்டரில்தான் அச்சாகுது. மூணு விஷயம் தெரிஞ்சா நாமே எடுத்துக்கலாம்.

முதலாவது எழுத்துரு. பாமினியில் அடித்த தீர்மானத்தை, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றது. பழைய கோப்பை, அடித்த இடத்திலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வருவோம். எழுத்துருவும் கூடவே வந்துடும்.

இரண்டாவது தாளின் திசை. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். சேமிப்பு, கடன், வட்டி என்று பத்துக் கட்டம் உள்ள கணக்கை நெட்டுவாக்கில் எடுத்தால் கடைசிக் கட்டம் விட்டுப்போகும். அதுதானே கடன் பாக்கி! அது இல்லாத தாளில் கையெழுத்துப் போடலாமா? 'லேண்ட்ஸ்கேப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் குறுக்குவாக்கில் முழுசா வரும்.

மூன்றாவது பொறுமை. நாம அனுப்புறது வரிசையில் நின்னு, பிரிண்டர் நினைவகத்தில் ஏறி, பிறகுதான் அச்சாகும். போட்டோ இருந்தா நேரம் பிடிக்கும். வரலையேன்னு திரும்பத் திரும்ப அழுத்தினா அத்தனை பிரதியும் வரும். தாளும் டோனரும் நம்ம சந்தாப் பணம்தான்.

முதலில் ஒரு தாள் எடுப்போம். வாசிப்போம். அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.