குப்பைமேட்டு வாசலுக்கு ஒரு கதவு

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் பிரசவ வார்டைப் பற்றியோ கிராம மருத்துவ முகாம்களைப் பற்றியோ சொல்லுவோம். இம்முறை குப்பையைப் பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழு என்னைக் கேட்டுக்கொண்டது. காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியை, ஈரக் குப்பையை அமுக்கி மூடி வைக்கும் கம்பாக்டர் என்ற இயந்திரத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம் என்று அறிவித்தோம். அதைப் படித்துவிட்டு ஒரு தாயார் எழுதியிருந்தார்கள்: “ஐயா, என் பென்ஷனிலிருந்து நோயாளிகளுக்கென்று அனுப்பினேன். அது குப்பைத் தொட்டிக்கா போகிறது?” நியாயமான கேள்வி. அவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதினேன். அதையே உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நெகேமியாவின் புஸ்தகம் மூன்றாம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுகிறோம். எருசலேமின் மதிலில் யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்பதே அந்த அதிகாரம். அதில் குப்பைமேட்டு வாசல் என்று ஒன்று வருகிறது. ஊரின் அழுக்கெல்லாம் வெளியேறும் வாசல். அதைப் பழுதுபார்த்துக் கதவு போட்டவர் மல்கியா என்னும் ஒரு பிரபு. கூலிக்கு ஆள் வைத்துவிட்டு அவர் ஆலயப் பக்கமாகப் போயிருக்கலாம். போகவில்லை. (தைலக்காரர் ஒருவரும் அந்த மதிலில் வேலை செய்திருக்கிறார், அவருக்கு வேறு பகுதி கிடைத்தது, பாவம், தப்பித்துக்கொண்டார்!)

நம்முடைய குப்பைமேட்டு வாசல் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மதுரைப் பக்கத்து நோயாளி தனியாக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஒருவர் படுக்கைக்கு வந்தால் நான்கு பேர் கூட வருகிறார்கள். தூக்குவாளியில் சோறு வருகிறது, வாழையிலையில் இட்லி வருகிறது, இளநீர் வருகிறது. மிஞ்சியது எல்லாம் டிரம்முக்குப் போகிறது. காய்கறிக் கழிவிலும் மிஞ்சிய சோற்றிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். சித்திரை வைகாசி வெயிலில் அது ஒரே நாளில் புளித்துப் பொங்கிவிடும். டிரம்மை உருட்டும்போது சாறு வழிந்து, மழைநீர்க் கால்வாயில் இறங்கும். ஈ, எலி, நாய் என்று வரிசையாக வந்து சேரும். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம்முடைய துப்புரவுப் பணியாளரான ஒரு சகோதரி, மிஞ்சிய சாப்பாட்டு டிரம்மைக் கையால் தள்ளிச் சரிசெய்தபோது ஊசி குத்திவிட்டது. வீட்டில் இன்சுலின் போட்டுப் பழகிய யாரோ ஒரு நோயாளி, போட்ட ஊசியைச் சாப்பிட்ட இலையோடு சுருட்டி எறிந்திருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சகோதரிக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள் கொடுக்கப்பட்டது. மாத்திரையால் வாந்தி, தலைசுற்றல். அதைவிட, வீட்டில் இதைச் சொல்லுவதா வேண்டாமா என்ற பயம். அந்த நாட்களில் அவர் அநேகமாக ஒவ்வொரு மாலையும் சிற்றாலயத்துக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நானும் பேசமாட்டேன். பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்தபோது, எனக்கு விலைப்பட்டியல் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மாலைகள்தான் வந்தன.

விற்பனைக்கு வந்த ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: “பட்டனைத் தட்டினால் போதும் ஃபாதர், எதைப் போட்டாலும் விழுங்கிவிடும்.” எங்களைப் பயமுறுத்தியது அதுதான். திறந்த டிரம்மில் ஊசி கிடந்தால் கண்ணுக்காவது தெரியும். மூடிய பெட்டிக்குள் போய்விட்டால் தெரியாது. ஊசியும் கட்டுத்துணியும் சோற்றோடு சேர்ந்து அமுங்கினால், வடியும் சாறும் மருத்துவக் கழிவாகிவிடும். மருத்துவக் கழிவு விதிகள் 1998-ல் வந்து, 2016-ல் புதுப்பிக்கப்பட்டன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பிரிவினை படுக்கையருகிலேயே நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக எந்த இயந்திரமும் வர முடியாது. ஆகையால் முதல் நிபந்தனை இதுதான்: குப்பை உள்ளே தள்ளப்படுமுன் ஒரு தட்டில் விழுந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடக்கூடாது, சாவி பயிற்சி பெற்ற ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் அமுக்கும் பகுதி தரையில் நிரந்தரமாக நிற்கும். பெட்டியை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றுவார்கள். விலை குறைவு. அட்டைப்பெட்டி, காகிதம் போன்ற உலர்ந்த குப்பைக்கு நல்லது. ஈரக் குப்பைக்கு ஆகாது. கழற்றும் இடத்தில் சாறு கொட்டும். மற்றொன்றில் அமுக்கும் பகுதியும் பெட்டியும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். முழுவதையும் கொக்கி லாரி தூக்கிப் போகும். விலை அதிகமானாலும் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பின்கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட் ஓடுகிறது. கதவின் அடிப்பக்கத்தில் ஓடும் ரப்பர்தான் முதலில் தேய்கிறது. வாங்குமுன் பெட்டியில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம். அமுக்கும் பலகைக்குப் பின்னால் கசிவு தேங்கும் குழியைக் கை விடாமல் கழுவ வழி இருக்கிறதா என்றும் பார்த்தோம். புளித்த சோறும் உப்பும் இரும்பைத் தின்னும்; அடித்தகடு கனமாக இருக்க வேண்டும். வடிகுழாய் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டும், கால்வாய்க்கு அல்ல. மூடியது என்றால் சாறு ஒழுகாது என்று அர்த்தம், காற்றுப் புகாது என்று அல்ல. உள்ளே விஷவாயு உண்டாகும். எக்காரணத்துக்காகவும் ஒரு மனுஷன் உள்ளே இறங்கக்கூடாது.

பெரியதாக வாங்குங்கள், அடிக்கடி எடுக்க வேண்டாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரை யாராலும் அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஈரக் குப்பையில் இடம் மிச்சமாவது நினைப்பதைவிடக் குறைவு, எடைதான் ஏறும். ஈ முட்டையிட்டு அது மறுபடி ஈயாகப் பறக்க நம் வெயிலில் பத்து நாளே அதிகம். பெரிய பெட்டி வைத்தால் நிரம்பட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். சிறியதே போதும் என்று முடிவாயிற்று.

சிறியது போதுமானதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்கள், மருத்துவமனை உட்பட, மட்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றி, மீதியை மட்டும் வெளியே கொடுக்க வேண்டும் என்றன. ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தோம். நாம் அந்த அளவைத் தாண்டியவர்கள். ஆகவே சமையற்கட்டுக் கழிவும் மிஞ்சிய சோறும் முதலில் சாண எரிவாயுக் கலம் போன்ற ஒரு கலத்துக்குப் போகும். அதில் கரையாத வாழையிலை, எலும்பு, காகிதத் தட்டு மட்டும் கம்பாக்டருக்கு. இளநீர்க் கூடு இரண்டுக்கும் ஆகாது. அதைத் தனியாகக் காயவைக்கிறோம். இது புதுமை என்று எண்ண வேண்டாம். பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து எரிவாயு எடுத்தார்கள். ஊர் ஒதுக்கிய மக்கள் வாழ்ந்த இடத்தில், ஊர் ஒதுக்கிய பொருளிலிருந்து.

நம் வாசலைத் தாண்டினால் நம் பொறுப்பு முடிந்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. மதுரைக் குப்பை பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் அவனியாபுரத்துக்கு அருகே வெள்ளக்கல். அந்தப் பக்கத்து ஜனங்களும் இருமிக்கொண்டு நம் மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். கொழும்பில் மீதொட்டமுல்ல என்ற குப்பைமேடு 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அன்று சித்திரைப் புத்தாண்டு; நமக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. பண்டிகை என்பதால் குடும்பங்கள் வீட்டில் கூடியிருந்த நேரம்.

இனி ஆக வேண்டியது: கான்கிரீட் மேடை போட்டாயிற்று. மும்முனை மின் இணைப்பு வர வேண்டும். கொக்கி லாரி பெட்டியைத் தூக்கும்போது மேலே செல்லும் மின்கம்பி இடிக்கும் என்று பொறியாளர் சொன்னதால், கம்பியை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். எரிவாயுக் கலத்துக்கு இன்னும் பாதித் தொகை தேவைப்படுகிறது. குருசேகரங்களும் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் இதை ஜெபத்தில் தாங்குங்கள். கடைசியாக ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்க வரும்போது வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள், போட்ட ஊசியை வார்டு சிஸ்டரிடம் கொடுங்கள். வெள்ளைப் பெட்டி அவர்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.