உடம்பு சொல்லும் துயரம்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கூடும் இடம் சிராங்கூன் சாலை. அங்குள்ள பெரிய சந்தையைத் தேக்கா என்பார்கள். தேக்கு மரத்தோடு சேர்ந்த பெயர் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அது சீனர்களின் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. சிறு மூங்கிலின் அடி என்று பொருள். அந்நாட்டுக் குடிமக்களில் நாலில் மூன்று பங்கினர் சீனர். அவர்களுக்கு மனநல வைத்தியம் செய்யப் போனவர்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இன்று பார்ப்போம். நம் லயங்களில் இருப்போருக்கும் அது தூரத்துச் சங்கதி அல்ல.

அந்தச் சந்தையில் மீன் விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மனைவி இறந்து ஆறு மாதம். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, இரவில் தூக்கமில்லை. சீன வைத்தியரிடம் போனார், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். "மனைவி போனது வருத்தமாக இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். "வயசானால் போகத்தானே வேண்டும்? எனக்கு வயிறுதான் கோளாறு" என்றார் பெரியவர்.

மேல்நாட்டுப் பாடத்தை மட்டும் படித்த வைத்தியர், இவர் உணர்ச்சியைத் தட்டிக்கழிக்கிறார் என்று எழுதிக்கொள்வார். எப்படியாவது மனம் விட்டு அழவைக்கப் பார்ப்பார். அடுத்த வாரம் பெரியவர் வரமாட்டார்.

1980ஆம் ஆண்டில் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயரிடப்பட்ட 100 நோயாளரை ஆராய்ந்தார். தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்று வந்தவர்கள். அவர்களில் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. பிறகு ஏன் மனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை? 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியை நினைத்துப் பாருங்கள். மனம் சோர்ந்தவனுடைய எண்ணமே பிழை என்று பழி வரக்கூடிய காலம் அது. நரம்பு தளர்ந்தவனுக்கு அந்தப் பழி இல்லை. ஓய்வு கேட்கவும் வழி உண்டு. அந்த மௌனத்தைக் குறை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அது பிழைக்கத் தெரிந்த புத்தி.

சிங்கப்பூரில் காரணம் வேறு. 1928இல் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் அந்தப் பெயரே ஏச்சுச் சொல் ஆகிவிட்டது. 1993இல் புதுக் கட்டடத்துக்கு மாறி, மனநலக் கழகம் என்று புதுப் பெயரும் பெற்றது. பெயர் மாறினாலும் குடும்பத்துக்கு வரும் தலைகுனிவு சட்டென்று மாறுவதில்லை. பிள்ளைகளின் கல்யாணம்வரை யோசிப்பார்கள்.

மொழியும் ஒரு தடை. 1979இல் அரசாங்கம் மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. ஹொக்கியனும் தியோச்சியூவும் பேசிய பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே பேச்சு குறைந்தது. பேரனையே மொழிபெயர்க்க உட்கார வைத்தால், பெரியவர் அவன் முன்னால் எதைச் சொல்வார்?

ஆங்கிலம் படித்த இளைய சீனர் பலர் தாராளமாகப் பேசுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தைப் பார்த்து இவர் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் பிழையான வைத்தியமே.

ஸ்டான்லி சூ, நோலன் சேன் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1987இல் ஒரு யோசனை எழுதினார்கள். வந்தவர் முதல் சந்திப்பிலேயே ஏதேனும் ஒரு பயனைக் கையில் கொண்டு போக வேண்டும் என்பது அது. நம் மீன்காரருக்கு அந்தப் பயன் ஒரு நல்ல தூக்கமாக இருக்கலாம். ஆகவே விவரம் தெரிந்த வைத்தியர் வயிற்றைப் பற்றியே பேசுவார். எத்தனை மணிக்குச் சாப்பாடு? இரவில் கஞ்சியா? யார் காய்ச்சுகிறார்கள்?

"நான்தான்."

"முன்பு?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. வைத்தியரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவள் இஞ்சி போடுவாள். எனக்கு அந்த ருசி வரவில்லை" என்கிறார். அன்றைக்கு அவ்வளவு போதும்.

நம் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் "நெஞ்சை அடைக்குது, கை கால் அசந்து போகுது" என்று கொழுந்தெடுக்கும் அம்மாமார் வந்து நிற்பதில்லையா? நெஞ்சடைப்பை முதலில் வைத்தியர் உடல்நோயாகவே பார்த்தாக வேண்டும். அதில் அலட்சியம் கூடாது. இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பாமல், வீட்டில் யார் சமைக்கிறார்கள், வெளிநாடு போன மகளிடமிருந்து போன் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். டிஸ்பென்சரியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தோடு 1926 என்ற எண்ணில் பேசலாம். தூக்கம் வரவில்லை என்று தொடங்கினாலும் போதும்.