இடைவெளியும் கட்டடத்தின் உறுப்பே

 கான்கிரீட் இணைப்புகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்கில், அழைப்பை ஏற்று வந்திருக்கும் மேஸ்திரிகளின் இடம் முன்வரிசைதான்.

மதுரைப் புதுமண்டபத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் காலத்தது. நீளம் 333 அடி, அதாவது 100 மீட்டருக்குச் சற்று மேல். அதே நீளத்தில் இன்று கான்கிரீட் கட்டடம் வரைந்தால், 45 மீட்டரைத் தாண்டியதும் விரிவு இணைப்பு வைக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. மண்டபத்தில் அப்படித் தனியாக எதுவும் இல்லையே, எப்படி நிற்கிறது? தூணின் மேல் போதிகை, அதன் மேல் உத்திரம், அதற்கும் மேல் கற்பலகை. எல்லாம் அடுக்கி வைத்த கற்கள். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் ஓர் இணைப்புதான். வெயிலில் கல் நீளும்போது அந்த நீட்சி மயிரிழை மயிரிழையாகப் பகிர்ந்து போய்விடுகிறது. நாமோ கம்பியைக் கட்டி, முழுத் தளத்தையும் ஒரே துண்டாக வார்க்கிறோம். அசைய நாம் இடம் விடாவிட்டால், கான்கிரீட் தனக்கு வேண்டிய இடத்தை விரிசலாக எடுத்துக்கொள்ளும்.

கணக்கு எளியது. ஒரு மீட்டர் கான்கிரீட், ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் நீளும். 45 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் 13.5 மில்லிமீட்டர். சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு 30 டிகிரி என்பது பெரிதாகத் தோன்றாது.

இதன் விளைவை நம் ஊர் வீடுகளிலேயே பார்க்கலாம். மேல்மாடி அறையில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த கோடையில் அதே கோடு அதே இடத்தில் நிற்கும். வீட்டுக்காரர் சிமென்ட்டைக் குறை சொல்வார், கொத்தனாரைக் குறை சொல்வார். உண்மையில் மேலே தளம் நகர்கிறது, கீழே சுவர் நகரவில்லை. சுமைதாங்கிச் சுவராக இருந்தால், தளம் போடும் முன் சுவரின் தலையை வழுவழுப்பாகப் பூசி, தார்க்காகிதம் இரண்டு அடுக்கு விரித்தால் தளம் அதன்மேல் வழுக்கிக்கொள்ளும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் சூடும் குறையும். ஆகும் செலவு கொஞ்சம்தான். வரைபடத்தில் இருக்காது என்பதால் வேலையிலும் இருப்பதில்லை.

கான்கிரீட் காயும்போது வரும் சுருக்கம் வேறு சங்கதி. அதற்கு இணைப்பாகத் தரைத்தளத்தைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுத்துவிட வேண்டும், அதுவும் கான்கிரீட் இறுகத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள். அறுக்கும் மெஷின் மறுநாள் வந்தால் விரிசல் முந்திக்கொள்ளும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் மூன்றாவது வகை இணைப்பும் தேவைப்படுகிறது. மழையில் பொங்கிக் கோடையில் வெடிக்கும் மண் அது. அங்கே பழைய கட்டடத்தோடு புதியதைச் சேர்க்கும்போது பிளவு அஸ்திவாரம் வரை இறங்க வேண்டும். வெப்பத்துக்கான பிளவு அஸ்திவாரத்துக்கு மேலேயே நின்றால் போதும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி வரைந்த படங்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடைவெளியை எதனால் நிரப்புவது என்பதில்தான் நமக்குக் கவனம் மிகவும் குறைவு. தார் ஊறிய நார் அட்டை, சைட்டில் ஷாலிடெக்ஸ் என்பார்கள், நசுங்கும், ஓரளவு மீண்டும் எழும். தெர்மாகோல் விலை குறைவு, ஆனால் நசுங்கினால் முழுதாக மீள்வதில்லை. எதை வைத்தாலும் 25 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் கான்கிரீட் கூழும் 20 மில்லிமீட்டர் ஜல்லியும் விழுந்து இறுகிவிட்டால் இணைப்பே பூட்டிக்கொள்கிறது. மேலே அடைக்கும் பாலிசல்பைடு இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபடும்போது கிழிந்துவிடும். அதற்காகத்தான் அடியில் ஃபோம் கயிறு வைப்பது. இதையெல்லாம் முறையாகச் செய்த பிறகு, பார்வைக்கு நன்றாக இல்லை என்று இடைவெளியின் மேல் சிமென்ட் பூசி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகள் எத்தனையோ முறை பழுது பார்க்கப்பட்டுவிட்டன. கடற்காற்றில் நிற்கும் பாலத்துக்கு அது ஓயாத வேலை. கட்டடங்களுக்கு அந்தப் பராமரிப்புகூடக் கிடைப்பதில்லை.

பிளாஸ்டிக் கழிவைச் சாலைத் தாரோடு சேர்க்கும் முறையைப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் மதுரைத் திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில்தான் உருவாக்கினார். அதுபோல, நம் தென்னை நாரிலிருந்து, நசுங்கி மீளும் நல்ல நிரப்பு அட்டை செய்ய முடியுமா என்று இங்குள்ள ஆய்வகங்கள் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எஸ்டிமேட்டில் இணைப்புக்குத் தனி வரி, தனித் தொகை, தனி வரைபடம் வேண்டும். மாணவர்கள் அவரவர் கல்லூரிக் கட்டடத்தில் ஓர் இடைவெளியைத் தேர்ந்து, மே மாத நண்பகலிலும் மார்கழி விடியலிலும் வெர்னியர் வைத்து அளந்து, ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். மதுரை வெயிலுக்கு எவ்வளவு இடம் விடலாம் என்பதை மதுரையின் அளவுகளைக் கொண்டே முடிவு செய்வோம். முதல் அமர்வைத் தொடங்கலாம்.