ஐரோப்பாவில் ஒரு ரூம்: தள்ளுபடியும் பேக்டர் ஆஃப் சேஃப்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"குடும்பத்தோட ஐரோப்பா போயிட்டு வந்தியாமே, சிக்கனமா எப்படி ரூம் போட்டேன்னு பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் 2011-ல் சிவில் முடித்தவன். பாலத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசலாம். இது என்ன தலைப்பு என்று முதலில் தயங்கினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இங்கே இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு பாடத்தை நான் மறந்ததும், அதற்கு அபராதம் கட்டியதும் இந்த விஷயத்தில்தான். ஆகவே சூடுபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா திருமங்கலம் பக்கம் மல்லிகை பயிரிட்டவர். விமானத்தை மேலே பார்த்திருக்கிறாரே தவிர உள்ளே ஏறியதில்லை. அப்பா, அம்மா, மனைவி, மகள், நான் என்று ஐந்து பேர், 2024 மே மாதம் பாரிஸ், லூசெர்ன், ஆம்ஸ்டர்டாம் போவதாக ஏற்பாடு. ஜனவரியிலேயே ரூம் தேட உட்கார்ந்தேன். பாரிஸில் நான்கு இரவு, இரண்டு ரூம். ஒரே ஹோட்டல், ஒரே ரூம், ஆனால் இரண்டு விலை. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றால் 1,10,000 ரூபாய். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றால் 96,000 ரூபாய். பதினாலாயிரம் மிச்சம் என்று, யோசிக்காமல் இரண்டாவதை அழுத்தினேன். வீட்டில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போதைக்கு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். லூசெர்ன், ஆம்ஸ்டர்டாம் ரூம்களில் ரத்து வசதி இருந்தது. ஒரு பைசா போகவில்லை. விமான டிக்கெட்டில் பிடித்தது போகக் கொஞ்சம் வந்தது. பாரிஸ் 96,000 போனது போனதுதான். ஹோட்டலுக்கு எழுதிப் பார்த்தேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, பணம் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுதியிருந்ததை அப்படியே செய்தார்கள். படிக்காதது நான்.

அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மனைவியும் இதைப் பேசியது அப்பா காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் கூப்பிட்டார். "ஏப்பா, எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. டாக்டர் அப்படித்தான் சொல்லுவாரு. நான் வந்துர்றேன். ஒரு லட்சம் வீணாப் போகக் கூடாது" என்றார். அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது. பதினாலாயிரம் ரூபாய்த் தள்ளுபடி, ஸ்டென்ட் வைத்த மனிதரைப் பத்து மணி நேர விமானத்தில் ஏறச் சொல்கிறது. நான் வாங்கியது அந்த நிர்ப்பந்தத்தைத்தான். நாங்கள் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அப்பாவே கேட்டார், ஒரே ரூமுக்கு ஏன் இரண்டு விலை என்று. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "பூ மாதிரித்தானப்பா. ராத்திரி தாண்டிட்டா வாடிப்போயிரும்." மேனேஜ்மென்ட் புத்தகம் இதைத்தான் இருபது பக்கம் எழுதுகிறது. இன்று விற்காத ரூமை நாளை விற்க முடியாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுவதும், சரக்கு குவிந்த நாளில் கேட்பாரற்றுப் போவதும் நமக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே உறுதியாக வாங்குகிறவனுக்கு வியாபாரி விலை குறைப்பான். குறைத்த தொகைக்குப் பதிலாக, வாடும் பயத்தை நம் தலைக்கு மாற்றிவிடுவான். 1980-களில் அமெரிக்க விமானக் கம்பெனிகள் சீட்டுக்கு இப்படி விலை வைக்க ஆரம்பித்தன. ஹோட்டல்கள் பின்னால் வந்தன.

சரி, அந்தப் பயத்தை ஏற்றுக்கொள்ளலாமா, கூடாதா? கணக்குப் போடலாம். 14,000-ஐ 1,10,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டில் ஒன்று. அதாவது, பயணம் நின்றுபோக எட்டில் ஒன்றுக்குக் குறைவான வாய்ப்பு இருந்தால் மலிவு விலை லாபம், அதிகமானால் நஷ்டம். தனியாளுக்கு நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்று வைப்போம். அவர் தாராளமாக மலிவு விலையில் வாங்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் யாராவது ஒருவருக்குத் தடை வந்தாலும் எல்லோரும் நிற்போம். அப்போது அது நூற்றுக்குப் பதினாலு ஆகிறது. எட்டில் ஒன்று என்பது பன்னிரண்டரை. வயதானவர்களும் விசாவும் சேர்ந்தால் பதினாலையும் தாண்டும். சங்கிலியில் கண்ணி கூடக் கூட அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும் என்று இந்தக் கட்டிடத்தில்தான் எனக்குச் சொன்னார்கள். பேக்டர் ஆஃப் சேஃப்டி இல்லாமல் ஒரு சன்ஷேடுகூட வரைய மாட்டேன். அப்பாவைக் கூட்டிப்போகும் பயணத்துக்கு அதை வைக்க மறந்தேன்.

2025-ல் மறுபடி திட்டம் போட்டோம். மகளின் காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி. இந்தத் தடவை செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உபயோகப்படும்.

ஒன்று, எல்லா ரூமும் ரத்து வசதியோடு. முதலில் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை விலையைப் பார்ப்பேன். இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டு, உறுதி வந்த பிறகே பழையதை ரத்து செய்வேன். வரிசை மாறினால் இரண்டும் கையில் இருக்காது. ரத்துக்கான கெடு ஹோட்டல் இருக்கும் ஊர் நேரப்படி. கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால்.

இரண்டு, ஷெங்கன் விசா. இப்போது 29 நாடுகளுக்கு ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாள். சில சமயம் 45 நாள்கூட ஆகும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் 45 யூரோ. எங்கள் ஐந்து பேருக்கு 405 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. தங்கும் இடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். அதற்காகப் போலி ரசீது வாங்கித் தருகிறேன் என்று வருவார்கள், போகாதீர்கள். ரத்து வசதியுள்ள உண்மையான ரூம் இருக்கும்போது பொய் எதற்கு?

மூன்று, ஆள் கணக்கு. நம்மூர் லாட்ஜில் கவுண்டரில் நின்று "அண்ணே, ஒரு மெத்தை போடுங்க" என்றால் முடிந்தது. அங்கே இரண்டு பேர் ரூம் என்றால் பெரும்பாலும் இரண்டு பேர்தான். குழந்தையின் வயதையும் மறைக்காமல் போடுங்கள். பழைய கட்டிடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்; முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அதுதான் முதல் வசதி.

நான்கு, காட்டும் விலையும் கட்டும் விலையும். ஆம்ஸ்டர்டாமில் ரூம் வாடகையில் நூற்றுக்குப் பன்னிரண்டரை சுற்றுலா வரி. இத்தாலியில் பல ஊர்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலிலேயே வாங்குவார்கள். நம் கார்டுக்காரர் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார். எல்லாம் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

ஐந்து, யாருக்கும் ஆபத்தில்லாத தள்ளுபடிகள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது டவுன்ஹால் ரோட்டில் ரூம் கிடைக்காது. அதேபோல அக்டோபர் விழா சமயம் மியூனிக். பிரஸ்ஸல்ஸ், ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி ஆபீஸ் ஊர்களில் சனி, ஞாயிறு மலிவு. லூசெர்ன், பாசெல் ஊர்களில் தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்து இலவசமாக ஒரு கார்டு தருகிறார்கள். அடுப்படியோடு ரூம் எடுத்தால் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு பாதி குறையும். அம்மா பாரிஸில் ரசம் வைத்தார். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மா கட்டிவைத்த நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டிலேயே நின்றன.

ஆறு, யூத் ஹாஸ்டல். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், நடந்து சுற்றும் பிள்ளைகள் தங்குவதற்காக ஆரம்பித்தது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் நிலையாக அமைந்தது. இன்று பல இடங்களில் குடும்ப ரூமும் உண்டு. நம் ரயிலடி எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் கண்ட ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. வழிப்போக்கனுக்கு இடம் கொடு என்ற அதே எண்ணம்தான்.

கடைசியாக ஒன்று. இரண்டாம் தடவை கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு அப்பாவுக்கு லேசான காய்ச்சல். "ஏப்பா, ரூம் காசு என்னாகும்?" என்று முதலில் கேட்டார். "நாளை சாயந்திரம் வரை சொல்லலாம்ப்பா, ஒரு ரூபாய் போகாது. நீங்க உடம்பை மட்டும் பாருங்க" என்றேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதிக்கு என்ன விலை என்று எனக்கு இப்போது தெரியும். மறுநாள் காய்ச்சல் விட்டது, டாக்டரும் சரி என்றார், போனோம். லூசெர்ன் ஏரிக்கரையில் பூக்கடையைப் பார்த்துவிட்டு, "வாசமே இல்லையேப்பா" என்று சொன்னார்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் வேலை ஒப்பந்தம், கல்விக் கடன், வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் இந்த இரண்டு விலை இருக்கும். குறைந்த விலையைப் பார்த்ததும், அது எதை உங்கள் தலையில் ஏற்றுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். தாங்க முடிந்தால் வாங்குங்கள். உங்களோடு வருகிறவர்களால் தாங்க முடியுமா என்றும் பாருங்கள்.