வீட்டைத் தாங்கும் பிள்ளைகளுக்காக ஓடுகிறோம்: பணம் எதற்கு, படம் எதற்கு?

(கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நடத்தும் 10 கிலோமீட்டர் நிதி திரட்டும் ஓட்டத்தின் முன்தயாரிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே கூப்பிட்டது, போன வருஷம் ஜனவரியில் நானும் நண்பர்களும் இதே மாதிரி ஒரு ஓட்டத்தில் ஓடி 41 ஆயிரம் ரூபாய் சேர்த்தோம் என்பதற்காக. எப்படிச் சேர்த்தோம்னு சொல்றேன். அதில் நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லணும். சொல்லப்போனால் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், யாருக்காக ஓடுறோம்? வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவையோ, மனநலம் பாதித்த அம்மாவையோ, மாற்றுத்திறனாளியான தம்பியையோ பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காக. இங்கிலாந்தில் இவர்களுக்கு ‘யங் கேரர்’ என்று பெயரே இருக்கிறது. 2014-ல் வந்த சட்டப்படி, அப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பு போய் மதிப்பிட வேண்டும். நம்ம ஊரில் தனியாக ஒரு பெயர் கிடையாது. ‘பொறுப்பான பொண்ணு’ என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பாராட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வேலை விஷயமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர், வகுப்பு எல்லாம் மாற்றித்தான் சொல்றேன், காரணம் பிறகு புரியும். அம்மா இல்லை. அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பாட்டி காலையும் மாலையும் பூ விற்கப் போகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்தான் எல்லாம். இப்படிப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கணும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். சிறுநீர்ப் பையைக் காலி பண்ணணும், துடைச்சுவிடணும். நாலரை மணிக்கு எழுந்து இதையெல்லாம் முடித்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண் அடிக்கடி லேட்டாக வருகிறவள், அவ்வளவுதான்.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஓடுவதென்று முடிவு செய்தோம். ஓடி நிதி திரட்டுவது நமக்குப் புதுசில்லை. 1980-ல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவர் பெயரில் சென்னை ஐஐடி வளாகத்திலும் ஓட்டம் நடந்திருக்கிறது. கோயம்புத்தூர் மாரத்தான் அங்கிருக்கிற புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. ஒருத்தர் உடம்பை வருத்தி ஒன்றைச் செய்யும்போது, பார்க்கிறவர்களுக்கு நாமும் ஏதாவது தருவோமே என்று தோன்றுகிறது. ‘சும்மா நூறு ரூபா குடு’ன்னா போனை வைத்துவிடுகிற மாமா, ‘பத்து கிலோமீட்டர் ஓடப்போறேன் மாமா, கிலோமீட்டருக்கு நூறு போடுங்க’ன்னா ஆயிரம் ரூபாய் அனுப்பினார். அதோடு, ‘நீயெல்லாம் மூணு கிலோமீட்டர் தாண்ட மாட்டே’ன்னும் சொன்னார்!

பயிற்சி பற்றி நிறைய சொல்ல மாட்டேன். எட்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓட்டமும் நடையுமாக ஆரம்பியுங்கள். ஓட்டத்தன்று புது ஷூ போடாதீங்க. இன்னொரு விஷயம்: பதிவுக் கட்டணம் நன்கொடை ஆகிவிடாது. பெரும்பாலும் அது டி-ஷர்ட், தண்ணீர், நேரம் கணக்கிடும் சிப், ஆம்புலன்ஸ் செலவுக்கே போய்விடும். உதவிக்கான பணத்தைத் தனியாகத்தான் திரட்டணும். அறக்கட்டளை மூலமாகத் திரட்டினால் அதற்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது, அதனால் யுபிஐ-யிலேயே வாங்குங்கள்.

இப்போது அந்தத் தப்பு.

முதல் வாரம் பணம் வரவில்லை. குழுவில் ஒருத்தர், ‘ஒரு முகம் இருந்தாதான் ஜனங்க குடுப்பாங்க’ன்னார். நானும் தலையாட்டினேன். அந்தப் பெண் அப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டோம். அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம், அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. இரண்டே நாளில் பாதிப் பணம் வந்தது. நாலாவது நாள் படம் அவள் பள்ளிக்கூடக் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ‘எல்லாரும் பாவம்னு பாக்குறாங்க அக்கா’ன்னு சொன்னாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பராமரிக்கும் பெற்றோர் இயலாத நிலையில் இருந்தால், அந்தப் பிள்ளை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதப்படலாம். அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். இதழியல் படித்த எனக்கு இது பாடத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்!

படத்தை எடுத்துவிட்டு, கூப்பிட முடிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு அழிக்கச் சொன்னோம். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். பிறகு மீதி நாட்களில் படமே இல்லாமல், ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுங்கள், 75 ரூபாய்’ என்று மட்டும் எழுதினோம். மீதிப் பாதி அதில்தான் வந்தது.

ஏன் மணி நேரம்? லேப்டாப் வாங்கித் தரலாம்னு ஆரம்பத்தில் யோசித்திருந்தோம். அவளிடம் கேட்டபோது, ‘சாயந்திரம் ரெண்டு மணி நேரம் யாராச்சும் அப்பாவைப் பாத்துக்கிட்டா நான் டியூஷன் போவேன்’ என்றாள். லேப்டாப் பேச்சையே எடுக்கவில்லை. மூவாயிரத்துச் சொச்சத்தில் படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்றுப் படுக்கை ஒன்று வாங்கினோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் வர ஒத்துக்கொண்டார். நாளைக்கு 150 ரூபாய், 26 நாளைக்கு 3,900. நாங்கள் மூச்சு வாங்க ஓடிச் சேர்த்த பணம் ஒன்பது மாதத்துக்கு வந்தது.

ஒன்பது மாதத்துக்கு அப்புறம்? இந்தக் கேள்வியை ஓட்டத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. அந்த அப்பா விண்ணப்பிக்கவே இல்லை. மருத்துவச் சான்றுக்கு அவரைக் கூட்டிப்போகணும், இ-சேவை மையத்துக்கு அலையணும். பாட்டிக்கு முடியாது. அலையக்கூடிய ஒரே ஆளுக்கு வயது 13. நம்மில் இரண்டு பேர் ஒரு நாள் லீவு போட்டு ஆட்டோ பிடித்துப் போனோம், அவ்வளவுதான் வேலை.

2025 செப்டம்பர் 15-ல் அன்புக் கரங்கள் திட்டம் தொடங்கியது. வறுமை நிலையில் உள்ள குடும்பங்களில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஒருவரை இழந்து மற்றவர் மாற்றுத்திறனாளியாகவோ உயிருக்கு ஆபத்தான நோயோடோ இருந்தாலும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். குடும்ப அட்டை, பிள்ளையின் ஆதார், வயதுச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிப் புத்தக நகல்களோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். இரண்டு தொகையையும் கூட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் சம்பளம் வந்துவிடுகிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நன்கொடை கேட்டு அனுப்பும் அதே செய்தியில், ‘உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண், இலவசம். நோயாளியைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பெயரை, படத்தை மட்டும் யாரும் குரூப்பில் போட வேண்டாம்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் இல்லை. அப்பாதான் பேசினார். ‘டியூஷன் போயிருக்காம்மா. இப்பல்லாம் வந்தா கணக்குல சந்தேகம் கேக்குறா, எனக்கு ஒண்ணும் புரியல’ன்னு சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பார்ப்போம். தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள்.