கும்பிடுவது நிம்மதிக்காக, நடுங்குவதற்காக அல்ல

(அச்சுவேலியில் வேலை செய்யும் மலையகக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை மலை, லயம், பெரட்டுக்களம். இந்த அச்சுவேலியில் தோட்டம் என்றால் செம்மண், வெங்காயம், புகையிலை, கிணற்றுத் தண்ணி. சொல் ஒன்று, வாழ்க்கை வேறு. ஊரை விட்டுவிட்டுப் பிழைப்புக்காக இங்கே வந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். புது ஊரில் முதலில் வருவது தனிமை. அந்தத் தனிமையில் யார் கையைப் பிடித்து "வாங்க, உட்காருங்க" என்று சொல்கிறார்களோ, அவர்கள் பின்னால் மனசு போகும். இன்றைக்கு நாங்கள் பேச வந்த விசயம் அதுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் எந்தச் சாமிக்கும் எதிரானவர்கள் அல்ல. மலையில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் உண்டா? வேதக் கோயில் மணி கேட்காத ஊர் உண்டா? குடியை விட்டவர்கள், துக்கத்திலிருந்து எழும்பி வந்தவர்கள், தற்கொலை எண்ணத்தைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேருக்குக் கடவுள் நம்பிக்கைதான் கைத்தடியாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் ஊரை விட்டு நடந்தபோதும், 2004இல் சுனாமி அடித்தபோதும், 2009இல் போர் முடிந்தபோதும் சனத்தைத் தாங்கிப் பிடித்தவற்றில் கோயிலும் தேவாலயமும் முக்கியமானவை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தபோது, சனத்தின் சடங்குகளையும் வழிபாட்டையும் ஒதுக்கித் தள்ளவில்லை. அவையும் காயம் ஆற உதவும் என்றே சொன்னார்கள்.

அப்படியானால் பிரச்சினை எங்கே? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்ம பெரியவங்க சொன்னாங்களே, அங்கேதான்.

எங்கள் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் கடையொன்றில் வேலை செய்த ஒரு பிள்ளை. சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டு. தினமும் குளிசை போட்டு வந்தாள், நல்லா இருந்தாள். பிறகு ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். ஆரம்பத்தில் சந்தோசம். பாட்டு, சாப்பாடு, அக்கா அண்ணா என்ற உறவு. கொஞ்ச நாளில் சட்டங்கள் வந்தன. டீவி பார்க்கக் கூடாது. வீட்டுத் திருவிழாவுக்குப் போகக் கூடாது. சம்பளத்தில் பத்தில் ஒன்று கட்டாயம். கடைசியில், "குளிசை போடுகிறவளுக்கு விசுவாசம் இல்லை" என்றார்கள். அவள் குளிசையை நிறுத்தினாள்.

வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னையைவிட மோசமாக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வந்தது. வந்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? "உனக்குள் இன்னும் பாவம் இருக்கு." நோய் ஒரு பக்கம், குற்ற உணர்வு மறுபக்கம். இரவில் தூங்க மாட்டாள். செய்யாத பாவத்தைத் தேடித் தேடி மன்னிப்புக் கேட்பாள்.

இதைக் கேள்விப்பட்டு நாங்கள் போனோம். போய் ஒரு பெரிய பிழை செய்தோம். அவள் முன்னாலேயே அந்தக் கூட்டத்தாரை ஏசினோம். "ஏமாத்துக்காரங்க, விட்டுட்டு வா" என்றோம். அவள் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பல மாதம் முகம் கொடுக்கவில்லை. அவளைக் காப்பாற்றியது நாங்கள் அல்ல. அவள் தங்கியிருந்த வீட்டு ஆச்சிதான். அந்த ஆச்சி யாரையும் ஏசவில்லை. ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "பிள்ளை, நீ கும்பிடு. ஆனா குளிசையையும் போடு. கடவுள் கோவிக்க மாட்டார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அந்தப் பிள்ளையே கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். இன்றும் அவள் ஜெபம் செய்கிறாள். குளிசையும் போடுகிறாள். ஆச்சியிடம் நாங்கள் படித்த பாடம் இது.

"இது அந்தச் சமயத்துக்காரர் செய்கிற வேலை" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எந்தச் சமயமும் இதற்குத் தப்பவில்லை.

நம் நாட்டிலேயே 2023 டிசம்பர் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். உயிரை விட்டால் சீக்கிரம் நல்ல பிறப்புக் கிடைக்கும் என்று, பௌத்தக் கருத்துகளைத் திரித்து, உரை நிகழ்த்தி வந்த ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் வீட்டில் இறந்து கிடந்தார்கள். அவர் பேச்சைக் கேட்ட வேறு சிலரும் உயிரை விட்டார்கள்.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்குப் பக்கத்தில் தங்கினால் மனநோய் மாறும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுபோய் விட்ட நோயாளிகள், ஒரு தனியார் விடுதியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிறகுதான் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். அந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால்!

டில்லியில் புராரி என்ற இடத்தில், 2018 ஜூலை 1ஆம் திகதி, ஒரே இந்துக் குடும்பத்தின் 11 பேர் இறந்து கிடந்தார்கள். இறந்துபோன தகப்பன் தன் மூலம் பேசுவதாக வீட்டில் ஒருவர் நம்பினார். அவர் சொன்ன சடங்கை எல்லோரும் கேள்வி கேட்காமல் செய்தார்கள். கென்யாவில் ஷகஹோலா காட்டில், உண்ணாமல் கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையை நம்பிய சனத்தின் புதைகுழிகள் 2023இல் தோண்டப்பட்டன. 400க்கும் அதிகமான உடல்கள். 1978 நவம்பர் 18ஆம் திகதி கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஒரு தலைவரின் சொல்லுக்காக 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பௌத்தம், இஸ்லாம், இந்து, கிறிஸ்தவம் என்று எல்லாச் சமயத்தின் பெயரும் இதில் வந்துவிட்டது. ஆகவே குற்றம் சாமியில் இல்லை. "நான் சொல்வதைக் கேள்வி கேட்காதே" என்று சொல்கிற மனிதரிடத்திலும், கேட்கப் பயப்படுகிற கூட்டத்திலும்தான் இருக்கிறது.

இவையெல்லாம் பெரிய கதைகள். ஆயிரத்தில் ஒன்றுதான் இவ்வளவு தூரம் போகும். ஆனால் சின்ன அளவில் மனசு கெடுவது நம் லயங்களிலும் நடக்கிறது. எப்படிக் கெடுகிறது?

ஒன்று, தூக்கம். கிழமைக்குப் பல இரவு விழித்திருந்து ஜெபம், பூசை, பஜனை என்றால் உடம்பு தாங்காது. ஏற்கெனவே மனநோய் வந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டால் நோய் திரும்பும். இரண்டு, பட்டினி. நீரிழிவுக்காரரும் கர்ப்பிணித் தாயும் மலை ஏறிக் கொழுந்து எடுக்கிறவரும் நாட்கணக்கில் உபவாசம் இருந்தால் மயக்கம் வரும், குழப்பம் வரும். அதைக் "காட்சி" என்று சொல்லிவிடுவார்கள். மூன்று, பயம். "உலகம் அழியப் போகுது, நீ நரகத்துக்குப் போவாய்" என்று சின்னப் பிள்ளைக்குத் தினமும் சொன்னால் அது இரவில் அலறும், படுக்கையை நனைக்கும், பள்ளிக்கூடம் போகாது. நான்கு, குற்ற உணர்வு. கை கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுகிற நோயைக் கண்டிருப்பீர்கள். அதே நோய் பாவத்தைப் பற்றியும் வரும். ஒரே மன்னிப்பை நூறு தரம் கேட்டாலும் மனசு ஆறாது. அது பக்திக் குறைவு அல்ல, வருத்தம். அதற்கு மருந்து உண்டு. ஐந்து, தனிமைப்படுத்தல். தாய் தகப்பனோடும் கூட்டாளியோடும் பேசாதே என்பார்கள். பிறகு அந்தக் கூட்டத்தை விட்டு வந்தால் போக இடம் இருக்காது. அதனால்தான் வெளியே வந்தவர்களும் நீண்ட காலம் சோர்ந்து கிடக்கிறார்கள்.

பணத்தையும் சொல்ல வேண்டும். மாதம் இருபது நாள் பேர் விழுந்த ஒரு தாய் பத்தில் ஒன்று கொடுத்தால் இரண்டு நாள் உழைப்பு போகிறது. மனசார விரும்பிக் கொடுப்பது தர்மம். "கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு நோய் வரும்" என்று சொல்லி வாங்குவது மிரட்டல். கடன் ஏறினால் வீட்டில் சண்டை, சண்டையில் மனசு உடையும்.

உங்களை நீங்களே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நாங்கள் போகும் இடத்தில் கேள்வி கேட்கலாமா? ஒரு கிழமை போகாவிட்டால் சுகம் விசாரிக்க வருகிறார்களா, மிரட்ட வருகிறார்களா? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்களா, தடுக்கிறார்களா? கும்பிட்டு வீட்டுக்கு வரும்போது மனசு லேசாகிறதா, பாரமாகிறதா? நல்ல ஐயர், நல்ல பாதிரியார், நல்ல மௌலவி, நல்ல பிக்கு யாரும் மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

நம் பிள்ளை இப்படி ஒரு பிடியில் அகப்பட்டால் என்ன செய்வது? ஏசாதீர்கள். வீட்டுக் கதவை மூடாதீர்கள். "நீ எந்த நேரம் வந்தாலும் சோறு இருக்கு" என்று சொல்லி வையுங்கள். சாமியைப் பற்றி வாதாட வேண்டாம். தூக்கம், சாப்பாடு, குளிசை இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. மலையகத்தில் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ குடும்ப நல மாதுவிடமோ சொன்னால் வழி காட்டுவார்கள். இரவானாலும் பகலானாலும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தார் பேசுவார்கள். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள். பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் 1929.

இன்னொரு விசயம். இதைக் கேட்டுவிட்டுப் போய் யாருடைய ஜெப வீட்டுக்கும் கல் எறிய வேண்டாம். நினைப்பதற்கும் நம்புவதற்கும் உள்ள உரிமையை நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தந்திருக்கிறது. அடித்தால் அந்தக் கூட்டம் இன்னும் இறுகும். உள்ளே இருக்கிற நம் பிள்ளை இன்னும் தூரமாகப் போகும். சட்டம் மீறப்பட்டால் பொலிஸ் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. தனிமையில் வாடுகிற பிள்ளையின் கையை முதலில் பிடிக்கிறவர்கள் நாமாக இருப்போம். பக்கத்து அறையில் புதிதாக வந்து தங்கியிருக்கிற பிள்ளையிடம் இன்று போய், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். எங்கள் பேச்சைவிட அந்த ஒரு கேள்வி பெரிய வேலை செய்யும்.