திறைசேரியும் துண்டும்



மாங்கேணிப் பக்கத்துச் சனங்களின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கைகொடுத்த அப்போதிக்கரி ஐயாவின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் புகழைப் பேச நான் வரவில்லை; அவருக்கும் அது பிடித்திராது. காசைப் பற்றிப் பேசுகிறேன்.

1951இலிருந்து இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கட்டணமில்லை. இடையில் 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று வைத்தார்கள், 1977இல் எடுத்துவிட்டார்கள். 25 சதம் ஒரு காசா என்று கேட்கலாம். கூலிக்குப் போகிறவர் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாய்க் காய்ச்சல் வந்தால் தெரியும்.

இன்று மாங்கேணி ஏழைக்கு வைத்தியம் இலவசம்தானா? வாசலில் இலவசம். உள்ளே, "இந்த மருந்து இல்லை, வெளியில வாங்குங்க" என்று துண்டு எழுதித் தருவார்கள். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்க இந்தத் துண்டுதான். அதைக் கொண்டு வாழைச்சேனைக்கு பஸ் ஏறினால் பஸ் காசு, இழந்த கூலி, மருந்து விலை எல்லாம் நோயாளியின் தலையில். திறைசேரி செய்யாத செலவை அவர் செய்கிறார்.

செலவைத் தீர்மானிப்பது யார்? 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கானவையும் தவிர்ந்த அரசாங்க ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் பொறுப்பு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சிடம் இருக்க, வாகரை போன்ற கிராமத்து ஆஸ்பத்திரிகள் மாகாணத்திடம் வந்தன. காசு வரவில்லை. மாகாணத்தின் சொந்த வருமானம் சொற்பம். நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்து திறைசேரி விடுவிக்கிற மானியத்தில்தான் சம்பளமும் கட்டடமும். மருந்தைக் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு அனுப்புகிறது. வைத்தியர்களை நியமிப்பதும் மத்திதான்.

மருந்தை ஒரே இடத்தில் வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்ததே அதற்காகத்தான்: கம்பனிப் பெயரை விட்டு, மருந்தின் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கினால் விலை விழும். வாகரை தனியே விலை பேசினால் எந்தக் கம்பனி மதிக்கும்? என் வழக்கு பங்கீட்டோடு.

அந்தப் பங்கீட்டைத் தட்டிக் கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. மாகாண சுகாதார அமைச்சர் என்று எவருமில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். நல்ல அதிகாரிகள் இருக்கலாம். ஆனால் வாக்குக் கேட்டு அவர்கள் உங்கள் படலைக்கு வரப்போவதில்லை. இதனால், "ஆஸ்பத்திரியை மத்திக்கே கொடுங்கள், அங்கேதான் காசு இருக்கு" என்று ஊர்கள் கேட்கின்றன. அதிகாரப் பகிர்வுக்காகத் தலைமுறையாய் நின்ற சனம் இப்படிக் கேட்கிறது! பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டயலிசிஸ் இயந்திரம் கேட்பவரிடம் அரசியலமைப்பின் அட்டவணையையா வாசித்துக் காட்டுவது?

பெரிய சத்திரசிகிச்சைக்கு 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியம் உண்டு. 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புப் பயணம் மிச்சம். கொடுப்பதும் மறுப்பதும் இன்னும் கொழும்பின் கையில்தான்.

மாகாண சபைத் தேர்தல் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் ஆஸ்பத்திரி இந்த ஆண்டு கேட்ட மருந்து எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குத் தமிழிலேயே எழுதலாம். படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கு ஆசிரியர்கள் எழுதித் தருவார்கள்.